ஈரம் காயாத படம்

பலேர்மோ
14.03.1997

அன்புள்ள அத்தானுக்கு,

வவுனியாவில் நீங்களும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையுடன் எழுதுகிறேன். உங்கள் இருமல் விட்டதா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

இதை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். திங்கட்கிழமை பகேரியாவில் வேலை முடிந்து திரும்பும்போது, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் படம் தேவைப்பட்டது. அங்கே ரயில் நிலையத்தில் காசு போட்டால் தானே படம் எடுக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் இருந்து எடுத்துவிட்டு வெளியே வந்தேன். படம் விழும் இடத்தில் நான்கு படங்கள் உள்ள வேறொரு படத்துண்டு ஈரம் காயாமல் கிடந்தது. நான்கு படத்திலும் நெற்றியில் பொட்டு. நான் இங்கே பொட்டு வைப்பதில்லை. முகம் என் தங்கை மங்கையுடையது. யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த அன்று நாவற்குழிப் பாலத்துச் சனத்துக்குள் நாங்கள் அவளைத் தவறவிட்டபோது இருந்ததைவிடச் சற்று மெலிந்த முகம்.

பார்த்துக்கொண்டு நிற்கையில் என்னுடைய படங்களும் விழுந்தன.

நிலையத்தில் கோப்பிக் கடை வைத்திருக்கும் இத்தாலியர் சிரித்தார். "என்ன சிஞ்ஞோரா, இப்பதானே பலேர்மோ ரயிலிலை ஏறிப் போனியள்? என்ரை கோப்பியை விட்டிட்டுப் போக மனமில்லையோ?"

இவர்களுக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே முகம். யாரோ மன்னார்ப் பக்கத்துப் பெண் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் விட்டுப் போயிருப்பாள். அப்படித்தான் நினைக்கிறேன்.

மங்கையின் கன்னத்து மச்சம் எந்தப் பக்கம்? கூடப் பிறந்தவள், எனக்கு நிச்சயமாக நினைவில்லை. நம் கல்யாணப் படத்தைப் பார்த்து எழுதுங்கள். இந்தப் படத்தில் இடப் பக்கம் இருக்கிறது.

அவசரமாக முடிக்கிறேன். ஒன்பது மணிக்குத்தான் வேலை. ஆனாலும் இப்போது காலை ஏழு மணிக்கே பகேரியாவுக்குப் போய், ஒவ்வொரு ரயிலிலும் ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

உங்கள்
தயாநிதி