அரக்கன் வரும் பக்கங்கள்

மதினி,

இன்று விருதுநகர் நூலகத்தில் மாயாஜால நாவல்கள் இருக்கும் அலமாரி முன் நின்றிருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற பெண்ணின் சேலையில் வெடிமருந்து வாசனை. எத்தனை முறை குளித்தாலும் போகாத அதே வாசனை. புத்தகம் எடுக்கப் போன என் கை நின்றுவிட்டது. உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

அண்ணனைக் கட்டிக்கொண்டு காரியாபட்டியிலிருந்து நாரணாபுரம் வந்தபோது, உங்கள் பெட்டியில் சேலையைவிடப் புத்தகங்கள்தான் அதிகம். வீட்டுக்கு வீடு இலவச டிவி வந்த பிறகும் நாம் படிப்பதை விடவில்லை. ஆனால் நம் ருசி வேறு. எனக்குப் பறக்கும் குதிரையும் பேசும் கிளியும் போதும். உங்களுக்கு அரக்கன் வேண்டும், பாதாளம் வேண்டும். சிவகாசிப் பழைய புத்தகக் கடையில் முதல் பக்கத்தை நின்றபடியே படித்துப் பார்ப்பீர்கள். "வயித்தக் கலக்கலையே, வை அத" என்பீர்கள். நானோ கடைசிப் பக்கத்தைப் புரட்டி, எல்லாரும் பிழைத்துக் கிடக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் வாங்குவேன்.

ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே அறையில் சரவெடி பின்னினோம். ஒரு தீபாவளி சீசனில் பக்கத்து அறை வெடித்தது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பின்னாலிருந்த காய்ந்த ஓடைக்குள் குதித்தீர்கள். வானம் முழுக்கப் புகை. யாரோ அலறிக்கொண்டே இருந்தார்கள். என் முகத்தை உங்கள் மடியில் அழுத்திக்கொண்டீர்கள்.

"கண்ணத் தொறக்காத புள்ள. அடுத்து என்ன படிக்கலாம், சொல்லு."

"பேய் வராத கதை, மதினி. பேயே வரக் கூடாது."

"சரி. இந்தத் தடவ ஒன் இஷ்டம்."

குரல் அமைதியாகத்தான் இருந்தது.

பக்கத்து அறையில் வேலை பார்த்த, மூன்று வீடு தள்ளியிருந்த அக்கா அன்று திரும்பி வரவில்லை. அதன்பின் நீங்கள் அரக்கன் கதைகளைத் தொடவில்லை. நான் படிக்கும் கிளிக் கதைகளை வாங்கி, என்னைப்போலவே கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்தீர்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறு வருடம் உங்களுக்கு மஞ்சள் காமாலை. மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என்னை அருகே அழைத்தீர்கள்.

"அரக்கன் வர்ற கதையா ஒண்ணு கொண்டா புள்ள."

"இப்பப் போய் எதுக்கு மதினி? பயந்துராதீக."

"தெனம் கம்பெனி ரூமுக்குள்ள கால வைக்கும்போது எனக்கு வயித்தக் கலக்கும். புத்தகத்துல இருக்கிற பயத்த நெனச்சுக்கிட்டு இதத் தள்ளிவிட்டேன். இப்ப சாவுக்குப் பயமா இருக்கு. படி."

அந்த விபத்துக்கு முன் உங்களுக்குப் பயமே இருந்ததில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

படித்தேன். அரக்கன் கோட்டைக் கதவை உடைக்கும் இடத்தில் உங்கள் மூச்சு நின்றது. நான் நிறுத்தவில்லை. நர்ஸ் வந்து தோளைத் தொடும்வரை சத்தமாகப் படித்துக்கொண்டே இருந்தேன்.

அண்ணன் இன்னும் பட்டாசு வேலைக்குத்தான் போகிறான். இப்போது நான் எடுத்து வருவதெல்லாம் நீங்கள் தேர்ந்தெடுக்கும் வகைதான். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், மதினி. சாயங்காலம் வாசலில் அண்ணனின் சைக்கிள் வந்து நிற்கிற வரைக்கும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருக்கிறேன்.