செல்லி காலே எந்த நாடு

அக். 6, திங்.

காலையிலிருந்தே புழுக்கம். பௌர்ணமி. வேங்கிக்கால் வந்துசேர பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊரெல்லாம் கிரிவல ஜனம், கலெக்டர் ஆபீஸ் எதிரே எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் மட்டும் கூட்டம் கம்மி. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் மெஷின் கண்ணாடியில் உதிர்ந்து, எடுக்கிற ஜெராக்ஸ் எல்லாவற்றிலும் ஒரு புள்ளி. ஓனர் அண்ணன் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மதியம் சங்கீதா. அடி அண்ணாமலை ஊர்க்காரி, என்னோடு ஒரே மாஸ்டரிடம் விளையாட்டுப் பழகியவள். ஏழு வருஷம் கழித்து நேரில். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கணும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவளுக்கு வயது வரம்பு இந்த முறையோடு சரி.

"நீ இங்கதான் இருக்கியா, கலை?"

"ஆமா. ஆதார் எடுத்தாந்தியா?"

அவ்வளவுதான் பேச்சு. அவளுடைய உலக சாம்பியன்ஷிப் தங்கச் சான்றிதழை ஸ்கேன் செய்தேன். ஆர்ம் ரெஸ்லிங் என்கிற கை மல்யுத்தம், பெண்கள், அறுபது கிலோ.

அக். 7, செவ்.

வாங்க வேண்டியது: தலைவலி மாத்திரை, ரீஃபில், ஊக்கு.

ச. விண்ணப்பம் பாதியில். இரண்டு கட்டம் காலி. "பங்கேற்ற நாடுகள் எத்தனை?" "இரண்டாம் இடம்: பெயர், நாடு." முடிவுத் தாளைத் தேடி எடுத்து வருகிறாளாம்.

இரண்டாம் இடம் நான்.

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். மேடையில் ஆறு நாட்டுக் கொடி. வந்தது நம் ஆட்கள் மட்டும். மாஸ்டர் ஒரு பையிலிருந்து சட்டைகளை எடுத்துப் பிரித்துக் கொடுத்தார். எனக்குப் பச்சை. தொளதொள. முதுகில் ஊக்கு குத்திவிட்டார். எந்த நாடு சார் என்று கேட்டேன். "அவங்க வரல. நீ ஆடு, அவ்ளோதான்." மைக்கில் கலைச்செல்வியைத் திருப்பிப் போட்டு, "செல்லி காலே!" வேனில் கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்.

ஃபைனல் ச.வோடு. அதற்கு முன் மாஸ்டர் காதோடு சொன்னது: "பச்சைக்கு மெடல் போனா நம்மூருக்கு இன்னா லாபம்? பாத்து ஆடு." பாதிவரை அவள் கையைச் சாய்த்தேன். பிறகு விட்டேன்.

யாரிடமும் சொன்னதில்லை. பரீட்சை போனபோதும், பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதிலே சொல்லாதபோதும் இதைத்தான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். நான் தோற்கிற ஆள் இல்லை, விட்டுக் கொடுத்தவள்.

அக். 9, வியா.

தூறல். கரண்ட் இரண்டு தடவை போனது. கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் பட்டா மனுவோடு சண்டை. "இனிஷியல் தப்பா கீது, யாரும்மா அடிச்சது?" நான்தான்.

ச. முடிவுத் தாளோடு வந்தாள். செல்லி காலே, எதிரே அந்த வராத நாட்டின் பெயர். ஆறு நாடு என்று போட்டுவிடவா என்று கேட்டேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?"

"கேளு."

"அன்னிக்கி நீ விட்டுக் குடுத்தியா?"

பிரிண்டருக்குப் பேப்பர் வைத்தேன்.

"ஊர்ல ஃப்ளெக்ஸ் வெச்சாங்க. எங்கப்பா டீக்கடைக்கே உலக சாம்பியன்னு பேர் எழுதிட்டாரு. நான் ஜெயிச்சனா இல்லையானு எனக்கு மட்டும் இன்னும் தெரியல."

நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். எதுவும் இல்லை. தயிர் சாதம் சாப்பிட்டேன்.

அக். 10, வெள்.

காலையில் சர்வர் படுத்தது, பதினொன்றுக்கு எழுந்தது. ச. வந்தபோது ஓனர் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். பட்டாக்காரர் மட்டும் பெஞ்சில்.

"ஆமா. விட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். ஸ்டேப்ளரையும் பசை டப்பாவையும் ஓரம் தள்ளினாள். கவுன்டரில் முழங்கையை ஊன்றினாள்.

"இப்ப விடாத."

"இன்னாம்மா இது?" பட்டாக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

பாதிவரை சாய்த்தேன். அங்கேயே நின்றது. பல்லைக் கடித்து, இருக்கிற பலம் பூராவும் போட்டேன். நகரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்து என் புறங்கை கவுன்டர் கண்ணாடியில் பட்டது. அதே இடம், அதே திணறல். அன்றைக்கும் இதேதான் நடந்தது. மாஸ்டர் சொன்னதால் விட்டேன் என்று நான் பிறகு ஒட்டவைத்துக்கொண்டேன்.

"விட்டியா?"

"இல்ல. சத்தியமா இல்ல."

சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாடு எத்தனைனு உள்ளத போடு, கலை."

"ஒரே நாடுன்னு போட்டா வேல போயிடும்டி."

"போடு."

ஒன்று என்று அடித்தேன். இரண்டாம் இடம்: கலைச்செல்வி, இந்தியா. முடிவுத் தாளின் கீழே, செல்லி காலே என்பது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து கோணல். ஸ்கேனில் அந்தப் புள்ளியும் சேர்ந்து விழுந்தது. அப்படியே அனுப்பினேன்.

வீட்டில் சாதம் பிசைய வலது கை வரவில்லை. ஸ்பூன் எடுத்தேன்.

"இன்னாடி கைக்கு?" என்றாள் அம்மா.

"ஃபைனல்ல தோத்துட்டேம்மா" என்றேன்.