அகலத் திரையின் ஓரம்

என் செல்லச் சுண்டெலிக்கு,

பெற்றவன் என் அண்ணனானாலும் உன்னைத் தோளில் போட்டு வளர்த்த சித்தப்பாச் சக்கரவர்த்தி எழுதிக்கொள்வது. நானும் சித்தியும் சௌக்கியம், மேசைதான் சௌக்கியமில்லை, நீ அனுப்பிய அகலக் கம்ப்யூட்டர் திரையைச் சுமந்து அதற்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நீயும் இதே மாதிரி ஒன்று வாங்கலாமா, நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாயே, சொல்கிறேன்.

முதலில் நல்லது. கல்யாண ஆல்பம் செய்வதில் என்னை மிஞ்ச உலகத்தில் ஆளில்லை, உலகம் என்றால் நம் தெருவும் அடுத்த தெருவும். பழைய திரையில் பெண் தெரிந்தால் மாப்பிள்ளை தெரியமாட்டான், இப்போது இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் விரிகிறது, இந்த ஓரத்தில் முறைக்கும் மாமனாரிடமிருந்து அந்த ஓரத்தில் கொட்டாவி விடும் மச்சான் வரை போய்ச் சேருவதற்குள் வழியில் ஒரு வேளை சாப்பாடு கட்டிக்கொண்டு போகவேண்டும். கெட்டது, கழுத்து வலிக்கிறது, ஜன்னல் வெளிச்சம் பட்டால் மணப்பெண் இருக்கவேண்டிய இடத்தில் என் மூக்கு தெரிகிறது. இனிமே இந்த ரூம்ல ஒண்ணு நான் இருக்கணும் இல்ல இது இருக்கணும் என்று உன் சித்தி சொல்லிவிட்டாள், நான் யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்டதற்கு அன்று முழுக்கப் பேச்சில்லை. இன்னொன்று, இதில் கேமரா இல்லாததால் என் பழைய கேமராவை வலது ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். உன் முகத்தைப் பார்த்துப் பேசினால், எங்க பாக்குறீங்க சித்தப்பா என்கிறாய், கேமராவைப் பார்த்துப் பேசினால் உனக்குச் சந்தோஷம், எனக்கு நீ தெரிவதில்லை.

பெரிய கெட்டது ஒன்று மிச்சமிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனை நிமிர்த்தி வைத்துப் பேசினாய், இருபுறமும் கறுப்பாக இருக்க இவ்வளவு பெரிய அரண்மனையில் நீ மட்டும் தூணிடுக்கில் நிற்பதுபோல் தெரிந்தாய், போனைப் படுக்க வையடி என்று அடம்பிடித்தவன் நான்தான். வைத்தாய், திரை நிறைந்தது. அம்மாடி, எந்தப் படத்திலும் முகத்துக்கு முன்னால் பின்னணியைப் பார்ப்பது என் பிழைப்பு, வாளி, கயிறு, செருப்பு என்று அழிக்கவேண்டியதைத் தேடித்தேடி அதுவே கண்ணுக்குப் பழகிவிட்டது. உனக்குப் பின்னால் சுவரில் உன் கல்யாணப் படம் இல்லை. நானே சரிசெய்து, சட்டம் போட்டு, மாட்டவேண்டிய இடமும் சொல்லி அனுப்பிய படம். அது இருந்த இடம் மட்டும் கட்டமாக வெளுத்திருந்தது. கதவோரக் கொக்கியில் உன் கோட்டு மட்டும் தொங்கியது. மாப்பிள்ளை எங்கேம்மா என்றதற்கு எப்போதும்போல, ஆபீஸ்ல இருக்காரு சித்தப்பா என்று சிரித்தாய்.

நீ பேசிக்கொண்டிருக்கும்போதே உன் சித்தி எழுந்து வந்து திரையில் அந்த வெளுத்த கட்டத்தை முந்தானையால் துடைத்தாள், கேமரா ஓரத்தில் இருந்ததால் உனக்குத் தெரிந்திருக்காது. தூசியா இருக்கும்ங்க என்றாள் மெதுவாக. மறுபடி துடைத்தாள். ஊரார் படத்தில் வேண்டாததையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் இல்லாமல் செய்கிறவன், நீ போனை வைத்த பிறகும் அணைந்த திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எப்போது, ஏன், யார் மேல் தப்பு என்று எதுவும் கேட்கப்போவதில்லை. போனில் பேசினால் மூன்று பேரும் நடிப்போம், அதிலும் நான் பிரமாதமாக நடிப்பேன், அதனால்தான் கடிதம். எங்களுக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த வெற்றுச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்தாயோ, அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

நீ கேட்டதற்குத் தீர்ப்பு, திரை வாங்காதே. ஒற்றை ஆள் இருக்கும் வீட்டில் இவ்வளவு அகலம் கூடாது. வர முடிந்தால் வா, முடியாவிட்டால் நாங்கள் வருகிறோம், உன் சித்தி இப்போதே பெட்டியைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருப்பாய், எங்கள் இருவர் ஆயுசும் சேர்ந்து உனக்குத் துணை.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, போனைப் படுக்கவே வை. சித்தி உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கேமராவையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீ அழுதால் எனக்குத் தெரியாது, பயப்படாமல் அழு.

இப்படிக்கு,
பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்ட
உன் சித்தப்பா