ரிஜிஸ்தரில் ஏறிய பெயர்

பெருநகர்,
ஆகஸ்டு 17, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சோபியாவுக்கு நைனா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான், உன் அம்மா, உன் அண்ணன் ஆல்வின், அண்ணி பரிமளா நாலு பேரும் இங்கே சுகமாக இருக்கிறோம், இந்தச் 'சுகமாக' என்பதை ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் பொய் இல்லாமல் எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படி. ஒடிசா மலைமேல் நீயும் நீ பிடித்து எண்ணுகிற கொசுக்களும் சுகமா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை லென்ஸுக்கு முன்னால் உட்கார்ந்தால் உலகமே மறந்துபோகிறதா? இங்கே நாலு நாளாகச் சாயங்காலமானால் மழை, வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, உன் அம்மாவுக்கு மூட்டுவலி, ஆனால் ஊர்க்கதை பேச நடக்கும்போது மட்டும் அந்த வலி எங்கே போகிறதோ தெரியவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். உங்கள் மலையில் டவர் கிடைப்பதே அரை நிமிடம், அந்த அரை நிமிடமும் நீதான் கேள்வி கேட்பாய், ஆராய்ச்சி வேலைக்குப் போனதிலிருந்து நீ போலீஸ்காரி மாதிரி ஆகிவிட்டாய். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது பார். ஆகவே கேள். ஊர் ஊராகக் கொசுப்புழு பார்த்து மருந்து ஊற்றுகிற உன் நைனாவுக்கே மலேரியா வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு மேலே படி, ஏனென்றால் இனிமேல் வருவது சிரிக்கிற விஷயம் இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு உன்னைப் பார்க்க ரயிலேறி வந்தேனே, பொழுது சாய்ந்ததும் வலைக்குள் போ நைனா என்று நீ தலைப்பாடாக அடித்துக்கொண்டாய். நான் என்ன சொன்னேன், இருபத்தி ரெண்டு வருசமா கொசுவோட குடும்பம் நடத்திக்கினு கீறேன், எனக்கே நீ பாடம் நடத்துறியா என்று சொல்லிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மலை ஜனங்கள் மேளம் அடிக்கிறதைக் கேட்க வெளியே போய் உட்கார்ந்தேன். மேளம் நன்றாகத்தான் இருந்தது. ஊருக்குத் திரும்பி, ஜனவரி கடைசியில் குளிர் எடுத்தது பார், கட்டிலே ஆடியது. ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானம் மூன்று மணிக்கு, நம் ஊர் பஸ்கூட அவ்வளவு நேரத்துக்கு வராது. வேறு யாருக்காவது இப்படிக் காய்ந்திருந்தால் வயலில் நாற்று நடுகிறவளைக்கூட வரப்பில் ஏற்றி, விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல் விட்டிருக்க மாட்டேன். என் விரலை மட்டும் நான் குத்தவில்லை. ஏன் என்று கேட்பாய். என் கையில் இருக்கிற ஏழு ஊர் ரிஜிஸ்தரில் மலேரியா என்ற கட்டத்தில் ஒன்பது வருஷமாகச் சுழிதான், ஒரு கேஸ்கூட இல்லை. எங்கள் சுகாதார ஆய்வாளர் சுகுமார் சார் மாதக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிற்கவைத்து, ஏரியான்னா சாமுவேலு ஏரியா மாதிரி இருக்கணும் என்பார், எல்லோரும் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் என் கண்ணை மறைத்துவிட்டதம்மா. ஒன்பது வருஷத்துச் சுழியை என் பெயராலேயே அழிக்க வேண்டுமா என்று, காய்ச்சலை நிறுத்துகிற மூன்று நாள் மாத்திரையை வெளியூர்க் கடை ஒன்றில் வாங்கி விழுங்கினேன், காய்ச்சலும் நின்றது, வெயிலில் அலைந்த அலுப்பு என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மிச்சப் பதினாலு நாள் மாத்திரை ரிஜிஸ்தரில் பெயர் ஏறினால்தான் கைக்கு வரும், அதனால் அதை விட்டுவிட்டேன். காய்ச்சல் விட்டாலும் கிருமி ஈரலுக்குள்ளே போய்ப் படுத்துக்கும், மாசக் கணக்கு கழிச்சி எழுந்து வரும், பதினாலு நாளும் முழுங்குங்கடி என்று வீடு வீடாகச் சொன்ன வாய்தான் இது.

நான் சொன்னபடியே ஜூலை கடைசியில் எழுந்து வந்தது, அதே மூன்று மணிக்கு. அப்போதும் புத்தி வரவில்லை, மறுபடியும் அந்தக் கடைக்கே போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் என்னைப் பிடித்தாள். அவள் வீட்டுத் தொட்டியில் புழு இருக்கிறது என்று நான் முன்னே தெருவில் வைத்துச் சத்தம் போட்டிருந்தேன், அந்தக் கோபத்தில் நம் வீட்டு மொட்டை மாடிக்கே ஏறிவிட்டாள், ஊருக்கெல்லாம் நோட்டீஸ் ஒட்றியே, உன் வூட்டு டேங்க்ல இன்னா கீதுன்னு வந்து பாருய்யா என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏறிப் பார்த்தேன். டிஷ் மாட்ட ஏறின ஆல்வின் டேங்க் மூடியை மிதித்து உடைத்துவிட்டு, ஒரு கோணியைப் போட்டு மூடிவிட்டு வந்திருக்கிறான். உள்ளே புழு. தலைகீழாகத் தொங்குகிற சாதாரணப் புழு என்றால்கூட மானம் போனதோடு முடிந்திருக்கும், இது தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடந்தது, மலேரியாவைச் சுமக்கிற கொசுவின் புழு. கீழே எட்டிப் பார்த்தால் ஏழு மாத வயிற்றோடு பரிமளா உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். என் உடம்பில் கிருமி, என் டேங்க்கில் கொசு, அதே கூரைக்குக் கீழே அவள். பிள்ளைத்தாய்ச்சிக்கு இது வந்தால் ரத்தம் குறையும், வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து, அந்தப் பதினாலு நாள் மாத்திரையை அவளுக்குக் கொடுக்கவும் கூடாது, உனக்குத் தெரியாததா?

டேங்க்கைக் கவிழ்த்துவிட்டு நேரே சுகுமார் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. என் விரலில் குத்தி ரத்தத்தைப் பார்த்துவிட்டு, ரிஜிஸ்தரை என் பக்கம் தள்ளி, ஒம்போது வருசம் எழுதுன கைதானே சாமுவேலு, இதையும் நீயே எழுது என்றார். பெயர் சாமுவேல், வயது ஐம்பத்தி நாலு என்று நானே எழுதினேன். அன்று சாயங்காலமே எங்கள் ஆபீஸ் ஆட்கள் தெரு முழுக்க ரத்தம் எடுக்க வந்துவிட்டார்கள். சிட்டம்மாளுக்குக் கேட்கவா வேண்டும், இத்தினி வருசமா எங்களக் குத்துனவனக் கொசு குத்திருச்சி, கொசுவுக்குக்கூட நாயம் தெரிஞ்சி கீதுடி என்றாள், வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பரிமளா விரலை நீட்டியபோதுதான் என்னால் முடியவில்லை, ஊசியைச் சுகுமார் சார் கையில் கொடுத்துவிட்டேன். தெருவில் ஒருவருக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. ஆனால் நேற்று கடித்திருந்தால் இன்றைக்குக் காட்டாது, ரெண்டு வாரம் கழிச்சிப் பாத்தாத்தான் தெரியும் என்று சார் சொல்லிவிட்டார். வீட்டில் ஆல்வின் கத்தினான், உன் அம்மா மூக்கைச் சிந்தினாள், பரிமளா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், ஜனவரியிலியே தெரியுமா மாமா என்று. தெரியும்மா என்றேன். அதோடு அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மாத்திரை அட்டையில் பதினாலு கட்டம், விழுங்குவதைக் கண்ணால் பார்த்தவர் தினம் கையெழுத்துப் போட வேண்டும். ஆல்வினுக்கு ஷிப்ட், உன் அம்மா நான் சொன்னதை எல்லாம் நம்புகிறவள் என்பது ஜனவரியிலேயே தெரிந்துபோயிற்று, அதனால் அட்டையைப் பரிமளா எடுத்துக்கொண்டாள். காலை நாஷ்டா முடிந்ததும் மாத்திரையையும் தண்ணீரையும் முன்னால் வைப்பாள், நான் விழுங்குவேன், விரலால் வாயைக் காட்டுவாள், திறப்பேன், நாக்கைத் தூக்கு என்று ஜாடை காட்டுவாள், தூக்குவேன், கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். நான் ஊராருக்குச் செய்ததுதான், ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. ஐந்தாம் நாள் ஏதோ தமாஷ் பண்ணிப் பார்த்தேன், முகத்தில் ஓர் அசைவும் இல்லை. டேங்க்குக்குப் புது மூடி போட்டேன், அவள் கட்டிலுக்கு ஐந்து மணிக்கே வலையைக் கட்டி நாலு ஓரமும் செருகினேன், மூன்று மணி ஆனால் எனக்குக் குளிர்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு அவளுக்குக் குளிர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்தினாள், எனக்கு உயிரே போய்விட்டது, மழைக்காற்றுதான். இந்தப் பதினாலு நாளும் ஜெபத்தில் எனக்காக ஒன்றுமே கேட்கவில்லையம்மா, கேட்க வாய் வரவில்லை.

நேற்று பதினாலாம் நாள். சுகுமார் சார் சீக்கிரமே வந்து அவள் விரலில் குத்தி, சோதனை அட்டையில் சொட்டு விட்டு, மேஜைமேல் வைத்தார். ஒரு கோடு மட்டும் இருந்தால் ஒன்றுமில்லை, இரண்டாவது கோடு விழுந்தால் மலேரியா. இருபது நிமிடம் நாங்கள் ஐந்து பேரும் அந்தச் சின்ன அட்டையைச் சுற்றி நின்றோம், விசிறிகூடப் போடவில்லை, ஏன் போடவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு கோடுதான் சோபியா. இன்னும் ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தோம், அப்போதும் ஒரு கோடுதான். பிரசவம் ஆகிறவரை மாசத்துக்கு ஒருதரம் பாத்துக்கலாம், பயம் இல்ல என்று சார் சொன்னார். உன் அம்மா அழுதாள். பரிமளா அந்த அட்டையைக் கையில் எடுத்து, புள்ள தங்குச்சான்னு பாத்தப்போ ரெண்டு கோடு வரணும்னு முட்டி போட்டேன், இப்போ ரெண்டாவது வந்துறக் கூடாதுன்னு முட்டி போட்டேன், ரெண்டு பாடும் பட்டாச்சி என்று யாரையும் பார்க்காமல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் என் மாத்திரையும் தண்ணீரும். விழுங்கினேன். எப்போதும் போல் விரல் நீளும் என்று பார்த்தால், வாயத் தொறங்க மாமா என்று வாய்விட்டுச் சொன்னாள். திறந்தவனுக்கு மூட வரவில்லை, அப்படியே அழுதுவிட்டேன், சுகுமார் சார் முன்னாலேயே. அவள் நாக்குக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

உனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தம் கொடு, கொடுத்ததை என்னிடம் சொல், ஆராய்ச்சி பண்ணுகிறவளுக்கே வந்துவிட்டது என்று யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். சாயங்காலம் கை கால் மூடி உட்கார். பார்சலில் எலுமிச்சை ஊறுகாயும் முறுக்கும் இருக்கிறது, எவர்சில்வர் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி உன் அம்மா மூன்று தரம் சொல்லிவிட்டாள். அக்டோபர் கடைசியில் பிரசவம், லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, நீ எண்ணுகிற ஒவ்வொரு கொசுவும் யாரோ ஒரு பிள்ளைக்கு நன்மையாக முடியட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, நீ பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஸ்டாப்பிலேயே உன் விரலில் குத்தி ரத்தம் எடுப்பேன், சோதனை அட்டையைப் பார்த்த பிறகுதான் குழந்தையைத் தூக்க விடுவேன். அத்தைக்காரி ஆனாலும் சரி, ரத்தம் எடுக்காமல் விடக் கூடாது என்று பரிமளாவும் எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் மேல் உயிராய் இருக்கும் நைனா,
சாமுவேல்