குளிர் பார்க்க மலையேறிய மாப்பிள்ளைக்கு

என் தங்கை பாக்கியத்தின் கணவனே, என்னோடு ஒரே ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த மாப்பிள்ளை தர்மலிங்கம்,

நீ கெட்டுப்போன மீனைத் தின்று செத்தாய். கிறிஸ்துமஸ் லீவில் லேடாங் மலையில் ஏறி, டின் மீனைத் தின்று, இறங்கும் வழியில் சுருண்டு விழுந்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டாய். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகள் உன்னைக் கொல்லவில்லை. நீ அவர்களுக்குத் தீனி கொண்டுபோகவும் இல்லை. நடந்தது இவ்வளவுதான்.

இதை ஊர் படிக்கும் பத்திரிகையில் போடுவது பாசத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே. வருஷம் திரும்பிவிட்டது, தோட்டத்தில் இன்னும் வாய்கள் மூடவில்லை. பாக்கியம் குடத்தோடு போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடுகிறது. "காட்டுக்காரனுக்கு மீன் கொடுத்தவன் பொண்டாட்டி" என்று ஒருத்தி அவள் காதுபடவே சொல்லியிருக்கிறாள். உன்னை முட்டாள் என்று சொல்லட்டும், நானும் சேர்ந்து சொல்வேன். அந்தப் பேச்சை மட்டும் விடமாட்டேன்.

உனக்கு அந்த மலைக் கிறுக்கை ஏற்றியது தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. கிராணியாகக் கணக்கெழுதினோமா, சம்பளம் வாங்கினோமா என்று இருந்தவனை ஆபீசில் உட்காரவைத்து, தன் ஊரில் டிசம்பரில் மலையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும், லீவில் நடக்கப் போவோம், மூச்சு விட்டால் புகை வரும் என்று கதை சொன்னார். நீ அதைக் கொண்டுவந்து என் கடையில் அளந்தாய்.

"மச்சான், பொறந்ததுலேர்ந்து வேர்வையிலயே கெடக்கறோம். ஒரு தடவ குளுருன்னா என்னன்னு பாத்துறணும்."

"ஐஸ் பேக்டரிக்குப் போ. வாசல்ல நின்னாலே போதும்."

"அது மெஷின் குளுரு, மச்சான்."

"ஆமாலா, மலையில மட்டும் சாமி ஊதி விடுறாரு."

துரை தன் கூட்டத்தோடு உன்னையும் அழைத்துப் போவதாக போலீசில் பாஸ் வாங்கினார். லீவு பிறந்த அன்று காலை மழை பிடித்தது. அவர் காரை எடுத்துக்கொண்டு கிளேபாங் கடற்கரைக்குப் போய்விட்டார். நீ மட்டும் கம்பளிச் சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு என் கடைக்கு வந்தாய். ரெண்டு டின் மீன் கேட்டாய்.

அவசரகாலச் சட்டம் உனக்குத் தெரியாததா? டின்னை விற்கும்போதே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். உடனே தின்னாவிட்டால் கெட்டுவிடும், காட்டுக்காரன் பதுக்க முடியாது. தோட்டத்து வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறுகூடப் போகக்கூடாது. பால் வெட்டப் போகும் பெண்கள் வெறும் வயிற்றோடு போய் வெறும் வயிற்றோடு திரும்புகிறார்கள். நீயோ, "எனக்கு மட்டும் ஓட்டை போடாம கொடு மச்சான்" என்றாய். நான் உன் கண்ணெதிரிலேயே ரெண்டு டின்னிலும் ஆணி அடித்தேன். மாமன் மச்சான் உறவெல்லாம் வீட்டில். கடையில் சட்டம்.

நீ என்ன செய்தாய்? பக்கத்து ரப்பர் மரத்தில் கட்டியிருந்த மங்குக் கிண்ணத்தில் ஊறியிருந்த பாலை விரலால் தொட்டு அந்த ஓட்டைகளை அடைத்தாய். ரப்பர் காய்ந்து இறுகியதும் டின் புதுசாகிவிட்டதென்று நினைத்துக்கொண்டாய். எல்லாவற்றையும் பாலால் ஒட்டும் தோட்டத்துப் புத்தி. சைக்கிள் டியூபுக்கும் அதுதான், மழைக்கோட்டுக் கிழிசலுக்கும் அதுதான், மீனுக்கும் அதுவேதானா? கேட்டில் பெண்களின் முந்தானையைக்கூட உதறிப் பார்ப்பவர்கள், கிராணி என்பதால் உன் பையைத் தொடவில்லை. தொட்டிருந்தால் கொஞ்ச நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பாய்.

ரோந்து போன சிப்பாய்கள் உன்னைத் தூக்கிவந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர், மறுபக்கம் நான். நீ கண் திறந்தாய். 'சாப்பாடு எனக்குத்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ சொன்னது என்ன?

"மச்சான், மேல நெசமாவே குளுருது."

அவ்வளவுதான். அதைச் சொல்லவா அந்த மூச்சைப் பிடித்துவைத்திருந்தாய்?

பிறகு நான் பட்டது உனக்கு எங்கே தெரியும். கடையைச் சீல் வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் மேசையில் உன் ரெண்டு காலி டின்களும் இருந்தன, ஓட்டையில் ரப்பர் அடைப்போடு. காட்டுக்காரனுக்குப் பதுக்கவே இந்த ஏற்பாடு என்பது அவர் முடிவு. மொழிபெயர்க்க வந்த தமிழர் கேட்டார்:

"மேல கோயில் இருக்கா?"

"இல்லீங்க."

"சொந்தக்காரங்க?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்குலா ஒரு தமிழன் மழையில மலையேறுவான்?"

"குளுரு பாக்கங்க."

அவர் அதை இங்கிலீஷில் சொல்லவே வெட்கப்பட்டார். துரையைக் கேட்டதற்கு, மழையில் போகாதே என்று தான் சொன்னதாகச் சொல்லிவிட்டாராம். கதை சொன்ன வாய்தானே அது?

உன்னைக் காப்பாற்றியது உன் வயிறுதான். அறுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே இருந்ததும் கம்பளிச் சட்டையில் அப்பியிருந்ததும் அதே மீன்தான், வேறு யாரும் தின்னவில்லை என்று எழுதிக்கொடுத்தார். கடை திறந்தது. ஊர் வாய்தான் இன்னும் திறந்தபடி கிடக்கிறது. இப்போது அதற்கும் பதில் சொல்லியாகிவிட்டது. இதைப் படித்த பிறகும் பேசுகிறவர்கள் என் கடைக்கு வந்து என் முகத்துக்கு நேராகப் பேசட்டும்.

இங்கத்திய சேதி கேள். உனக்குப் பிறகு மலைக்குப் போக யாருக்கும் பாஸ் கிடையாது. துரை கப்பலேறிவிட்டார். உன் நாற்காலியில் வந்த புதுக் கிராணி மேட்டுப் பாதையைப் பார்த்தாலே மூச்சு வாங்குகிறான், நல்ல பிள்ளை. குவாட்டர்ஸை விட்டு வந்த பாக்கியம் என் கடையின் பின்கட்டில் இருக்கிறாள். கல்லாவில் உட்கார் என்றேன். உட்காருகிறேன், ஆனால் ஒரு பேச்சு என்றாள்.

"மலைய தொறந்து விட்டதும் ஒரு கிறிஸ்மஸ் லீவுக்கு என்னய மேல கூட்டிட்டுப் போவணும், அண்ணே."

"அங்க என்ன இருக்குன்னு? ஒரு கல்லு சாமிகூட இல்ல."

"குளுரு இருக்குன்னு அவரு சொன்னாருன்னு நீதானே சொன்னே. பொய்யா?"

உன்னைவிட அவள் வியாபாரத்தில் கெட்டிக்காரி. உன்னால், என் வயசுக்கும் தொந்திக்கும், நான் அந்தப் பாழாய்ப்போன மலையில் ஏற வேண்டும்.

வாக்குக் கொடுத்துவிட்டேன், ஊர் சாட்சியாக. பேசி முடித்தது இது: அவள் கல்லாவில் உட்காருவாள், குழாயடிக்குத் தலை நிமிர்ந்து போவாள். தடை நீங்கிய முதல் கிறிஸ்துமஸ் லீவில் நான் அவளை உச்சி வரை கூட்டிப் போவேன். துவைத்து மடித்துவைத்திருக்கும் உன் கம்பளிச் சட்டையை அவள் போட்டுக்கொள்வாள். சாப்பாடு கீழே இறங்கிய பிறகு, சுடச்சுட. டின் கிடையாது.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் மச்சான்,
கடைக்கார வீராசாமி