ஆர்லீன் விடாத கணக்கு

லோன் கிரீக், கென்டக்கி

மதிப்புக்குரிய கணக்கு டீச்சர் வெர்னா கூம்ப்ஸ் அவர்களுக்கு, ஹோபர்ட் வணக்கத்துடன் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு டார்லா எழுதுவது. அரிசோனா வெயில் உங்கள் மூட்டுவலிக்கு இதமாக இருக்கிறதாமே, சந்தோஷம்.

வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோன வருஷம் ஞாபகம் இருக்கும். நான்காம் சுரங்கத்தை மூடியதும், நம் பையன்கள் கூடைப்பந்தில் மாநில இறுதிவரை போய் ஒரு புள்ளியில் தோற்றதும் அப்போதுதான். என் மகள் ஆர்லீன் உங்கள் வகுப்பில் பி வாங்கினாள்; மற்றதில் எல்லாம் ஏ. ஆலோசகர் ஸ்டாம்பர் எங்கள் மூவரையும் கூப்பிட்டு, கணக்கை விட்டுத் தையல் எடுத்தால் பள்ளியில் முதலிடம் நிற்கும் என்றார். நீங்கள் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தீர்கள். "ஏன் சார், தலையணை உறை தச்சு அனுப்பினா காலேஜ்ல சீட்டு குடுத்துருவானா? எந்தப் பாடத்துல வாங்கின மார்க்குன்னும் பாப்பான்ல" என்றீர்கள். என் மனைவி ரூபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆர்லீன் சிரிக்கவில்லை. கணக்கை விடமாட்டேன் என்று எழுந்துபோய்விட்டாள்.

முதலிடம் ஸ்டாம்பரின் தங்கை மகளுக்குப் போனது; அவள் எடுத்தது தையல். கிழக்கே அந்தப் பெரிய கல்லூரிக்கு இரண்டு பேருமே மனுப்போட்டார்கள். இடம் கிடைத்தது ஆர்லீனுக்கு.

இப்போது அவள் மகள் டெஸ்ஸா அதே பள்ளியில் கடைசி வருஷம். அதே கல்லூரிதான் வேண்டுமாம். கணக்கில் பி. புது ஆலோசகர் பயமுறுத்தியதில் பாடத்தை மாற்றச் சம்மதித்துவிட்டாள். நீங்கள் அன்று சொன்னதை நான் அவரிடம் போய்ச் சொன்னேன். "அதெல்லாம் அந்தக் காலம், தாத்தா. நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?" என்றார் அந்த ஆள். "சுரங்கத்துல" என்றேன். 

பாடம் மாற்ற இந்த மாதக் கடைசி வெள்ளிதான் கெடு. அன்று காலை பள்ளி திறந்ததும் அவர் அறையில் போய் உட்காருவேன். எழுந்திருக்கச் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேன். அப்போது நீங்கள் பள்ளிக்குப் போன் போட்டு அவரிடம் பேச வேண்டும். டெஸ்ஸாவிடமும் பேசுங்கள், உங்களைப் பற்றி அவள் அம்மா நிறையச் சொல்லியிருக்கிறாள்.

கர்த்தர் உங்கள் குரலைக் கெட்டியாக வைத்திருக்கட்டும். ரூபி போய்ச் சேர்ந்தாள். ஸ்டாம்பரும் போய்விட்டார். போன பனிக்காலத்தில் ஆர்லீனை அவள் அம்மா பக்கத்தில் அடக்கம் பண்ணினோம். அன்று அந்த அறையில் இருந்தவர்களில், சொன்னால் பள்ளிக்கூடம் காதுகொடுக்கிற ஆள் உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான், வெர்னா டீச்சர்.