கண்ணை மூடிக்கொண்டு சொன்ன குறை

அன்புள்ள அம்மாவுக்கு, ஸ்தோத்திரம். ஆண்டவர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படியிருக்கிறது?

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில், "சாப்பிட்ட தட்டைக் கழுவாத சகோதரனை மன்னியும் ஆண்டவரே" என்று என் அறைக்காரனை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். முடிந்ததும், எங்களோடு வேலை செய்யும் வெல்டர் அண்ணன் என் தோளில் கைபோட்டார்.

"தம்பி, கண்ணை மூடி ஆண்டவர்கிட்ட சொன்னதை, கண்ணைத் தொறந்து இவன்கிட்ட சொல்லு."

அறைக்காரனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தட்டு விஷயத்தை நேராகவே சொன்னேன். அவனும் என் குறட்டையைச் சொன்னான். இப்போது அவன் கழுவுகிறான், நான் துடைக்கிறேன்.

என் பாட்டுப் புத்தகத்தை அனுப்புங்கள். தனியாகப் பாடினால் இரண்டாம் சரணம் மறந்துபோகிறது.

போனில், "என் பிள்ளைக்கு அடிக்கடி பேசுற மனசைத் தாரும்" என்று ஜெபித்தீர்களே, அதை என்னிடமே கேட்டிருக்கலாம். நானும் கண்ணைத் திறந்தே சொல்கிறேன்: உங்கள் குரலைக் கேட்டால் அழுகை வருகிறதம்மா, அதனால்தான் அடிக்கடி கூப்பிடுவதில்லை.

ஷிப்டுக்கு வண்டி வந்துவிட்டது. புதன்கிழமை கூப்பிடுகிறேன். அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன்.

உங்கள் மூத்தவன்